இடது கை எங்கே இருக்க வேண்டும்?
பன்றிக் காவலுக்குப் போகும் துப்பாக்கியும், அதில் மாட்டும் சாமான்களும்

மரவள்ளியில் கிழங்கு இறங்கும் பருவம் வந்துவிட்டால், பாலக்காடு பக்கத்துக் காடுகளை ஒட்டிய தோட்டங்களில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவு உள்ளே நுழைந்தால் போதும், வரிசை வரிசையாகக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். தின்பது கொஞ்சம்தான், மண்ணோடு புரட்டிப்போட்டு வீணாக்குவதுதான் அதிகம். வரப்பில் பழைய சேலை கட்டுவது, தகரம் தட்டுவது, இரவெல்லாம் ரேடியோ பாட விடுவது எல்லாம் சில நாள் பலிக்கும். அப்புறம் பன்றிக்குப் பழகிவிடும்.

கேரளத்தில் 2022-ம் ஆண்டு முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் வரைக்கும் வந்திருக்கிறது. அவர்கள் உத்தரவு கொடுத்தால், துப்பாக்கி உரிமம் பெற்று அனுமதியும் பெற்றவர்கள் போய்ச் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. தமிழ்நாட்டு நிலைமை வேறு. 2025-ல் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுட வேண்டும். ஒன்றிலிருந்து 3 கிலோ மீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். ஒரு கிலோ மீட்டருக்குள் என்றால் சுடுவதோ, பிடிப்பதோ கிடையாது. சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருக்கிறது என்பதற்காகப் பொள்ளாச்சிக்காரரும் ஆனைமலைக்காரரும் எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்து இறங்கிவிடக் கூடாது.

உத்தரவு பெற்றுப் போகிறவர்களிடம் அதிகம் இருப்பது 12 போர் துப்பாக்கி. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் இரண்டும் உண்டு. பம்ப் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்களும் சிலர் உண்டு. .315 ரைபிள் வைத்திருப்பவர் குறைவு. துப்பாக்கி தாத்தா காலத்துச் சொத்தாக இருக்கும். அதில் மாட்டும் சாமான்கள் மட்டும் புதுசு. சினிமாவிலும் செல்போன் வீடியோவிலும் பார்த்துவிட்டு முன்பக்கம் ஒரு கைப்பிடி, டார்ச், ரப்பர் உறை, தோட்டாப் பை என்று ஒவ்வொன்றாக ஏற்றிவிடுகிறார்கள். சுடும்போது பெரும்பாலான வேலையைச் செய்வது இடது கை. அதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

வலது கை விசையை இழுக்கிறது, பின்கட்டையைத் தோளோடு சேர்த்து வைக்கிறது. பாரத்தைத் தாங்குவது, குழலைத் திருப்புவது, ஓடும் பன்றியோடு கூடவே கொண்டுபோவது, நிறுத்துவது எல்லாம் இடது கை. (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.) சுமார் 3 கிலோ எடையை வெறும் கையில் ஏந்திக்கொண்டு இருட்டில் அரை மணி நேரம் நின்றால்தான் இது தெரியும். கை நடுங்க ஆரம்பித்த பிறகு எந்தச் சாமான் மாட்டியும் பயனில்லை.

பிடிக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தோட்டா இல்லை என்று குழலைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் திரும்பி நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்தால், குழலுக்கு அடியில் உள்ள மரக்கட்டையில் இடது கை தானாக ஓரிடத்தில் போய் அமரும். நான்கைந்து தடவை செய்தாலும் அதே இடத்துக்குத்தான் கை வரும். அதுதான் அவருடைய பிடி. முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். கையை ரொம்பப் பின்னுக்கு, விசைக்கூட்டின் பக்கம் வைத்தால் குழல் முனை அலைபாயும். முழுதும் நீட்டிப் பிடித்தால் சீக்கிரம் களைத்துப்போகும்.

பழைய இரட்டைக்குழல்களில் அந்த மரக்கட்டை மிக ஒல்லியாக இருக்கும். அதனால் விரல்கள் குழலையே தொடும். அடுத்தடுத்துப் பல தோட்டா போட்டால் குழல் சுடும் சூட்டில் கை தன்னறியாமல் விலகிவிடும். இதற்கு மெல்லிய தோல் உறையோ, கையில் ஒரு துணிக் கையுறையோ போதும். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுவது பல ஊர்களில் உள்ள வழக்கம். வழுக்காது என்பது உண்மைதான். ஆனால் பனியும் வியர்வையும் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் குழல் துருவேறும். சுற்றியே ஆக வேண்டும் என்றால் காலையில் வந்ததும் கழற்றித் துடைத்து, எண்ணெய் காட்டிக் காய வைக்க வேண்டும். மரத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறியிருந்தால் அதில் அப்பிய அழுக்கைப் பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்தாலே பாதி வழுக்கல் போய்விடும்.

முன்பக்கம் செங்குத்தாகத் தொங்கும் கைப்பிடி குட்டையான, அதற்கென்றே இரும்புச் சட்டம் வைத்த துப்பாக்கிகளுக்கு வந்தது. நம் துப்பாக்கியின் மரக்கட்டையில் அதைப் பொருத்த வேண்டுமானால் துளை போட வேண்டும். 12 போர் உதைக்கிற உதைக்குத் துளை போட்ட மரம் அந்த இடத்தில்தான் முதலில் பிளக்கும். முட்புதரில் மாட்டும், தோள் வாரில் சிக்கும், எடையும் கூடும். மரவள்ளிக் காட்டுக்கு அது வேண்டாத சாமான். பம்ப் ஆக்‌ஷனில் இன்னும் மோசம். அதில் இடது கை பிடிக்கும் கட்டையே முன்னும் பின்னும் ஓடித் தோட்டா மாற்றுகிறது. அந்த ஓட்டத்தைத் தடுக்கும் எதையும் அங்கே மாட்டக் கூடாது.

ரைபிளுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். மரக்கிளையிலோ வேலிக்கல்லிலோ குழலை நேராகச் சாய்த்துச் சுட்டால் குறி தப்பும். இடது கையைக் கல்லின்மேல் வைத்து, அந்தக் கையின்மேல் மரக்கட்டை இருக்க வேண்டும். மண் நிரப்பிய சிறிய பை இருந்தால் இன்னும் நல்லது.

தோளில் உதை தாங்க ரப்பர் பேட் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அது பின்கட்டையின் நீளத்தைக் கூட்டுகிறது. குள்ளமானவர்களுக்கு இடது கை எட்டாமல் போகும். பேட் போட்ட பிறகு, மேலே சொன்ன கண் மூடும் சோதனையைத் திரும்பவும் செய்ய வேண்டும். பின்கட்டையில் மாட்டும் தோட்டாப் பைக்கும் இதே கதைதான். பின்னால் கனம் ஏறியதும் முனை மேலே எழும். தோட்டாவை இடுப்பில் வைத்துக்கொள்வது எளிது.

உயிரோடு சம்பந்தப்பட்டது டார்ச் விஷயம். துப்பாக்கியில் டார்ச்சைக் கட்டிவிட்டால், வெளிச்சம் அடிக்கும் இடமெல்லாம் குழலும் பார்க்கும். சத்தம் கேட்டுத் திரும்பி அடிக்கிற வெளிச்சத்தில், வரப்பில் தண்ணீர் கட்ட வந்த பக்கத்துத் தோட்டக்காரர் நிற்கலாம். பரணில் படுத்திருக்கும் காவல்காரர் எழுந்து உட்காரலாம். யார் என்று பார்ப்பதற்காகவே அவர்கள் நெஞ்சுக்கு நேராகத் தோட்டா போட்ட துப்பாக்கியை நீட்டிய கணக்காகிவிடும். பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்ட செய்திகள் பத்திரிகைகளில் வருவதும் நிற்கவில்லை. தேடுகிற வெளிச்சம் வேறு ஆளிடம் இருக்க வேண்டும். கூட வரும் தம்பியோ மருமகனோ கையில் பெரிய டார்ச்சோடு சுடுகிறவருக்குப் பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில், அவரைவிட ஓரடிகூட முன்னால் போகாமல் நிற்க வேண்டும். தனியாகப் போக வேண்டிய நிலை வந்தால் நெற்றியில் கட்டும் விளக்கு. டார்ச்சையும் மரக்கட்டையையும் ஒரே இடது கையில் சேர்த்துப் பிடிப்பதைத்தான் பலர் செய்கிறார்கள். அதில் பிடியும் போகிறது, வெளிச்சமும் ஆடுகிறது.

கண்ணைப் பற்றிய ஒரு தப்பான நம்பிக்கையும் இங்கே இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் கண் பளிச்சென்று மின்னினால் பன்றிதான் என்று சொல்பவர்கள் உண்டு. மாடு, ஆடு, நாய், மான் இவற்றின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது, மனிதருக்கும் கிடையாது. அதனால் பளபளவென்று மின்னும் கண், கயிறறுத்து வந்த கன்றுக்குட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மின்னாத கண்ணோ, குனிந்து களை எடுப்பது போலத் தெரியும் ஓர் உருவமோ மனிதராகவும் இருக்கலாம். முழு உடம்பும் தெரிகிற வரை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிகிற வரை, விரல் விசைக்கு வெளியே நீட்டியபடியே இருக்க வேண்டும். பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம். வீடோ ரோடோ இருந்தால் அந்தப் பன்றி போகட்டும், நாளைக்கும் வரும்.

காதுக்குப் பஞ்சு போதாது. மருந்துக் கடையிலும் கட்டுமானச் சாமான் கடையிலும் கிடைக்கும் காதடைப்பானை, வெளிச்சம் பிடிப்பவரும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வாய்க்கால் தாண்டும்போதும் கம்பிவேலி நுழையும்போதும் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலைத் திறந்த பிறகுதான் தாண்ட வேண்டும். தோள் வார் நடப்பதற்குத்தான். காத்திருக்கும்போது அதை இடது கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளாவிட்டால் செடியில் மாட்டி இழுக்கும்.

மரம் பிளந்தாலும் திருகு கழன்றாலும் ஊர்க் கொல்லரிடம் போகக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். தூக்க லேசாக இருக்கட்டும் என்று குழலை அறுப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தற்காப்புக்கென்று உரிமம் கொடுக்கும் சாதாரணக் குழல் துப்பாக்கிக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், உறை, பை, டார்ச் கட்டும் பட்டை எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். குழலுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, ஒப்படைத்த ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.