இஸ்தான்புல்: சமயவாரிப் பேரேடு

1477இல் இஸ்தான்புல் காஜி எழுதிய கணக்கில் தலைகள் இல்லை, வீடுகள்தான். மதிலுக்குள் 14,803, அக்கரை கலாத்தாவில் 1,521. மொத்தம் 16,324. முஸ்லிம் வீடுகள் 9,486, நூற்றுக்கு 58. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 3,743, யூதர் 1,647, ஆர்மேனியர் 434, ஐரோப்பியர் 332, ரோமா 31. மிச்சம் இரண்டு வரிகளில் சமயம் இல்லை, ஊர்ப்பெயர் இருக்கிறது: கரமான் 384, காஃபா 267.

அந்த இரண்டு வரிதான் பேரேட்டின் குட்டை உடைக்கிறது. 1453இல் ஒட்டோமானியர் பிடித்த நகரம் பாதி காலி. சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் ஆணை போட்டு வெளியூர்க் குடிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். கருங்கடல் துறைமுகமான காஃபா வீழ்ந்தது 1475இல். இரண்டே ஆண்டில் அவ்வூர்க்காரர்கள் இஸ்தான்புல் கணக்கில் ஏறிவிட்டார்கள். 1,647 யூத வீடுகளும் ஸ்பெயினிலிருந்து வந்த அகதிகளுடையவை அல்ல, அந்த வெளியேற்றம் நடந்தது 1492இல். சகிப்புத்தன்மை என்று பாராட்டுவோர் இந்த ஆள்வரவுச் செலவையும் எழுதிக்கொள்வது நல்லது. முஸ்லிம் அல்லாத ஆண்கள் ஜிஸியா என்ற தலைவரி கட்டினார்கள். எண்ணுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1885 கணக்கில் பெண்களும் எண்ணப்பட்டார்கள். மொத்தம் 8,73,565 பேர். முஸ்லிம்கள் 3,84,910, பாதிக்கும் கீழே, 44 விழுக்காடு. கிரேக்கர் 1,52,741, ஆர்மேனியர் 1,49,590, யூதர் 44,361, கத்தோலிக்கர் 6,442, பல்கேரியர் 4,377, லத்தீன் கிறிஸ்தவர் 1,082, புராட்டஸ்டன்ட் 819. 1,29,243 பேர் வெளிநாட்டார். என்ன சமயத்தார் என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. நூற்றுக்குப் பதினைந்து பேர் சமயம் குறிக்காமலே கணக்கில் நிற்கிறார்கள்.

1942 நவம்பரில் துருக்கிக் குடியரசில் வந்தது சொத்து வரி. சட்டத்தில் சமயம் என்ற சொல்லே கிடையாது. வரி அலுவலகப் பட்டியலில் இருந்தது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர், வெளிநாட்டார், யூதராயிருந்து மதம் மாறியோரின் வழிவந்த தொன்மே என்று நான்கு எழுத்துகளில் ஆட்கள் பிரிக்கப்பட்டார்கள். அன்று இஸ்தான்புல் நிதி அதிகாரியாக இருந்த ஃபாயிக் ஒக்தே 1951இல் எழுதிய நூலால்தான் இது வெளியே தெரிந்தது. தொன்மேக்களுக்கு முஸ்லிம்களைப் போல் இரு மடங்கு. கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் பல மடங்கு. கெடு 15 நாள், மேல்முறையீடு கிடையாது. நாடு முழுதும் வசூல் சுமார் 31.5 கோடி லிரா. கட்டாத சுமார் 1,400 பேர் ஆஷ்காலே போன்ற இடங்களுக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். 21 பேர் திரும்பவில்லை.

1955 செப்டம்பர் 6, 7இல் கிரேக்கரைக் குறிவைத்து நடந்த கலவரத்தில் சேதமானவை 4,214 வீடுகள், 1,004 கடைகள், 73 தேவாலயங்கள். 1964இல், சைப்ரஸ் தகராற்றின் வேகத்தில், கிரேக்கக் குடியுரிமை கொண்ட சுமார் 12,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கையில் 20 கிலோ சாமான், 200 லிரா. துருக்கியக் குடிமக்களான மனைவி, பிள்ளைகளும் கூடவே போக வேண்டியதாயிற்று. 1927இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இருந்த கிரேக்கர் இன்று இரண்டு, மூவாயிரம்.

1965க்குப் பின் மக்கள்தொகைக் கணக்கு சமயவாரி எண்களை வெளியிடுவதில்லை. வெளியிட்ட காலத்திலும், தனி வழிபாட்டு மரபுடைய அலெவிகளுக்குத் தனி வரி இருந்ததில்லை. நகரின் மிகப் பெரிய சமயச் சிறுபான்மையினர் அவர்கள்தான். எல்லாக் கணக்கிலும் ‘முஸ்லிம்’ வரிக்குள்ளேயே அடங்கிப்போனார்கள். மசூதி, தேவாலயம், யூத ஆலயம் மூன்றுக்கும் விளக்குச் செலவை அரசு ஏற்கும். அலெவிகள் கூடி வழிபடும் ஜெம்எவி வழிபாட்டிடமாக ஏற்கப்படாததால் 2022 வரை அதற்கு இந்தச் சலுகை இருக்கவில்லை. யெனிபோஸ்னா ஜெம்எவியின் கட்டாத மின்கட்டணம் ஏறி ஏறிச் சுமார் 2,90,000 யூரோவைத் தொட்டது. அதை நடத்தும் அறக்கட்டளை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2014 டிசம்பரில், பாகுபாடு காட்டப்பட்டது உண்மை என்று தீர்ப்பு வந்தது.