ஒரே பெயர், வேறு வேறு ஆட்கள்



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது "அப்துல் காதர் பாய்!" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நேரில் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். உதவித்தொகைப் பட்டியலிலோ வங்கிக் கணக்கிலோ இதே குழப்பம் வந்தால், ஒருவருக்குச் சேர வேண்டிய ஹக் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

நபிமார்கள், ஸஹாபாக்கள், இறைநேசர்களின் பெயர்களையே நாம் விரும்பி வைக்கிறோம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கும் வைக்கிறோம். அதனால் ஒரே பெயர் பலருக்கு அமைவது இயல்பு. அது குறையல்ல. ஆளைப் பிரித்துக் காட்டாமல் எழுதுவதுதான் குறை.

இந்தச் சிக்கலை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அனஸ் இப்னு மாலிக் (ரலி), நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த ஸஹாபி. மாலிக் இப்னு அனஸ் (ரஹ்), 'முவத்தா'வைத் தொகுத்த மதீனாவின் இமாம். ஹிஜ்ரி 179இல் வஃபாத்தானார். பெயரை முன்பின்னாக மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். அனஸ் இப்னு மாலிக் என்ற பெயரிலேயே இன்னொரு ஸஹாபியும் உண்டு. அவரை 'அல்-கஅபீ' என்று குலப்பெயர் சேர்த்துச் சொல்வார்கள்.

ஓர் அறிவிப்பாளரை அதே பெயருள்ள இன்னொருவர் என்று எண்ணிவிட்டால், பலவீனமான ஹதீஸ் பலமானதாகிவிடும். ஆகவே தந்தை, பாட்டனார், ஊர், ஆசிரியர், வஃபாத்தான ஆண்டு எல்லாவற்றையும் பதிந்துவைத்தார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி, ஒரே பெயருடையவர்களைப் பிரித்துக் காட்டுவதற்காகவே 'அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக்' என்ற நூலை எழுதினார்.

தமிழகத்திலும் உதாரணம் உண்டு. திருநெல்வேலியில் 1896இல் பிறந்த முஸ்லிம் லீக் தலைவர் எம். முஹம்மது இஸ்மாயில் சாஹிப் ஒருவர். நாகூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, கம்பராமாயண ஆய்வில் புகழ்பெற்ற எம்.எம். இஸ்மாயில் மற்றொருவர். இனிஷியலை மட்டும் பார்த்தால் பிரிப்பது கடினம். 'காயிதே மில்லத்', 'நீதிபதி' என்ற அடைமொழிகளே நமக்கு ஆளைக் காட்டுகின்றன.

அடைமொழி இல்லாத நாம் செய்ய வேண்டியவை:

1. விண்ணப்பங்களில் இனிஷியலோடு நிறுத்தாமல் தந்தை பெயரை முழுதாக எழுதுங்கள். நம் அறக்கட்டளைப் படிவத்தில் பாட்டனார் பெயரையும் கதவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

2. ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கட்டும். முஹம்மது, முகமது, முகம்மது என்று இடத்துக்கு இடம் மாறினால் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். ஓரிடத்தில் தந்தை பெயர் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வந்தாலும் இதே கதிதான்.

3. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள், பிறந்த இடத்துக்குரிய நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்தில் பதிவு ஆகிவிட்டதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். அதில் விழும் பிழை பின்னால் எல்லாவற்றிலும் தொடரும்.

4. உங்கள் பெயருக்கு வந்த பணமோ கடிதமோ உங்களுடையதில்லை என்று தெரிந்தால், உடனே திருப்பிக் கொடுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் அந்தப் பொருள் நமக்கு ஹலால் ஆகிவிடாது. அது அமானிதம்.