கடல்தொட்டிக்கு எந்தக் கலிங்கு?

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் நம்மிடையே பலர். அதில் கடல்நீரை நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்ப்போர் மிகச் சிலரே. அந்தச் சிலரில் என் அத்தானும் ஒருவர். கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் அவரும் அக்காவும் வசிக்கின்றனர். வரவேற்பறைக்கு நான்கடித் தொட்டி ஒன்றைப் புதிதாகச் செய்யக் கொடுக்கும் முன், "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, தண்ணி எறங்குற வழிய நீயே பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். அதற்காக நான் தேடிப் படித்ததையும் கணக்கிட்டதையும் இங்கே தருகிறேன். பவளம் வளர்க்கும் எண்ணமே இல்லாத வாசகர்களும் துணிந்து படிக்கலாம். இது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய கட்டுரை.

முதலில் ஒரு சொல். தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். ஆதலால் 'ஓவர்ஃப்ளோ' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தால், சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கலிங்கு. தமிழ்நாட்டு ஏரிகளில் நீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் தானாகவே வழிந்து வெளியேறும்படி கரையில் கட்டப்படும் தாழ்வான சுவர்தான் கலிங்கு. மதகைத் திறக்க ஆள் வேண்டும். கலிங்குக்கு ஆள் வேண்டாம். கரையை உடைக்கக்கூடிய வெள்ளத்தை மனத்தில் வைத்தே அதைக் கட்டுகிறார்கள். பவளத்தொட்டிக்கும் இதே சிந்தனை தேவை என்பதே என் கருத்து.

பவளத்தொட்டி உண்மையில் இரண்டு தொட்டிகள். மேலே நாம் பார்த்து ரசிப்பது ஒன்று. அதன் கீழ் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் அடித்தொட்டி மற்றொன்று. கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் போன்ற கருவிகள் எல்லாம் கீழேதான். பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது. மேல்தொட்டியின் ஓர் ஓரத்தில் உள்ள கலிங்கின் மேல் வழியும் நீர், பெட்டி ஒன்றில் விழுந்து, குழாய் வழியே தன் எடையால் கீழே இறங்குகிறது. இதனால் மேல்தொட்டியின் நீர்மட்டம் மாறுவதில்லை. ஆவியாகும் நீரின் குறைவு அடித்தொட்டியில் மட்டும் தெரியும். அதைவிட முக்கியமானது, நீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய் போன்ற படலம் முதலில் வழிந்து போய்விடுகிறது. அந்தப் படலம் இருந்தால் ஒளியும் குறையும், பிராணவாயு கலப்பதும் குறையும்.

எவ்வளவு தண்ணீர்? அத்தானின் தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். ஏறக்குறைய 300 லிட்டர். மணிக்கு 2,000 லிட்டர் சுழன்றால் போதும். பவளத்திற்குத் தேவையான வேகமான நீரோட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே வைக்கும் அலைப்பம்புகள் தரும். அதற்காகக் கலிங்கைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை. விளிம்பின் நீளம் இங்கே வேடிக்கையான விளைவைத் தருகிறது. மூலையில் 30 செ.மீ. விளிம்பு மட்டும் இருந்தால், 2,000 லிட்டர் போவதற்கு நீர் விளிம்புக்கு மேல் சுமார் 1 செ.மீ. ஏற வேண்டும். பின்சுவர் முழுவதும் 120 செ.மீ. விளிம்பு இருந்தால் 4 மி.மீ. போதும். மெல்லிய தகடாக வழிவதால் மேற்பரப்பு நன்றாகத் துடைக்கப்படும். மீன் நுழையாதிருக்க வைக்கும் பல்வரிசை, விளிம்பின் நீளத்தைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விளிம்பு எளிது. பெட்டியிலிருந்து இறங்கும் குழாயில்தான் வகைகள் பிரிகின்றன.

துளையே இல்லாத தொட்டிக்கு ஒரு வழி உண்டு. தலைகீழான 'ப' வடிவக் குழாய் ஒன்று, சைஃபன் முறையில் நீரைச் சுவர் தாண்டி வெளியே தொங்கும் பெட்டிக்கு இழுத்துவரும். வாடகை வீட்டினரும், துளையிட்டால் நொறுங்கிவிடும் டெம்பர்ட் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போரும் இதை நாடுவர். அத்தானின் பழைய தொட்டி இந்த வகைதான். குழாயின் உச்சியில் காற்றுக் குமிழிகள் சிறிது சிறிதாகச் சேரும். ஒரு நாள் மதியம் இடி மின்னலில் மின்சாரம் 'ட்ரிப்' ஆகி, பிறகு திரும்பி வந்தபோது சைஃபன் அறுந்து போயிருந்தது. பம்புக்கு அது தெரியுமா? கீழே உள்ளதை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து திரும்பிய அக்காவை மாடிப்படியிலேயே கீழ்வீட்டு மாக்சிக் நிறுத்தினார். அவர் வீட்டுக் கூரையில் உப்புநீர்க் கறை. தண்ணீரில்லாமல் ஓடிய பம்பும் கருகிப் போனது. சேரும் காற்றை உறிஞ்ச ஒரு குட்டிப் பம்பைப் பொருத்தலாம் என்பார்கள். ஆனால் அதுவும் நின்றுபோகக்கூடிய இன்னொரு கருவிதானே!

துளையிட்ட தொட்டிகளில் பழைய முறை துர்சோ குழாய். வெறும் குழாயில் நீர் இறங்கினால் காற்றையும் சேர்த்து இழுத்து, குளியலறைத் தொட்டி வடிவது போல் கொடகொடவென்று சத்தமிடும். துர்சோ முறையில் குழாயின் தலையை வளைத்து, மூடியில் சிறு துளையிட்டுக் காற்று சீராகப் போக வைப்பார்கள். சத்தம் வெகுவாகக் குறையும். ஆனால் நீரும் காற்றும் ஒரே குழாயைப் பங்கிடுவதால், ஓர் அங்குலக் குழாயில் மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல் அமைதியாக இறக்குவது கடினம். ஒரே ஒரு குழாய் என்றால், ஒரு நத்தை போய் அடைத்தாலும் கதை முடிந்தது.

அடுத்த இரண்டும் பொழுதுபோக்காளர்கள் இருவரின் புனைபெயர்களால் வழங்குபவை. ஹெர்பி முறையில் இரண்டு குழாய்கள். முதல் குழாயில் காற்றுக்கே இடமில்லை, முழு சைஃபன். அதன் கீழே உள்ள கேட் வால்வைத் திருகித் திருகி, பெட்டியின் நீர்மட்டத்தை இரண்டாம் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். பந்து வால்வு இவ்வளவு நுணுக்கத்திற்கு உதவாது. காற்றில்லாத குழாய் அதே அளவில் எளிதாக இரு மடங்கு நீரை இறக்கும், சத்தமும் இல்லை. இரண்டாவது அவசரக் குழாய். அதில் வால்வு வைக்கவே கூடாது. குறை ஒன்றுதான்: குழாயில் கொஞ்சம் பாசி படர்ந்தாலும் மட்டம் நகரும், மீண்டும் திருக வேண்டும்.

பீன் அனிமல் முறை அந்தக் குறையைத் தீர்க்கிறது. முதல் குழாய் சைஃபன். மூன்றாவது, வறண்டு காத்திருக்கும் அவசரக் குழாய். நடுவில் உள்ளதில் எப்போதும் சிறிதளவு நீர் ஓடும். மட்டம் கொஞ்சம் ஏறினால் கொஞ்சம் அதிகம் ஓடும். ஆகவே வால்வைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. நான் மிகவும் ரசித்தது அதிலுள்ள சிறிய காற்றுக்குழல். சைஃபன் அடைபட்டு மட்டம் உயர்ந்தால், அந்தக் குழலின் வாய் நீரில் மூழ்கும், காற்று நிற்கும், நடுக்குழாய் தானே முழு சைஃபனாக மாறி மொத்த நீரையும் இறக்கத் தொடங்கும். மின்சாரம் போய் வந்தாலும் சைஃபன் தானாகத் தொடங்கும். அதற்குக் குழாயின் நுனி அடித்தொட்டி நீரில் 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே மூழ்கியிருக்க வேண்டும். ஆழமாக மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற முடியாமல் தவிக்கும்.

இரண்டடித் தொட்டி, பக்கத்தில் எப்போதும் ஆள் உண்டு என்றால் ஹெர்பி போதும். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் நான்காம் மாடி வீட்டிற்கு நான் மூன்று குழாயைத்தான் சொன்னேன். கூடுதல் செலவு ஒரு துளை, ஒரு குழாய். பவளத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. மின்சாரம் போனால் எது நடக்கும், குழாய் அடைத்தால் எது நடக்கும் என்று கேட்காமல், எது அமைதியானது என்று மட்டும் கேட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எந்த வகையானாலும் இரண்டு கணக்குகளைப் போட்டே ஆக வேண்டும். இந்தத் தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 6 லிட்டர். நீர்மட்டத்திற்கும் தொட்டியின் விளிம்புக்கும் 4 செ.மீ. இடைவெளி இருந்தால் 24 லிட்டர் தாங்கும். அடித்தொட்டியின் பம்பு அறை 30 செ.மீ.க்கு 50 செ.மீ.; பம்பு இழுக்கக்கூடிய நீரின் உயரம் 12 செ.மீ. அதாவது 18 லிட்டர். எல்லாக் குழாயும் அடைத்தாலும் தரையில் ஒரு சொட்டு விழாது. ஆவியாகும் நீரை ஈடு செய்யும் தானியங்கி நிரப்பியை மறந்துவிடக் கூடாது. பம்பு அறை காலியாவதைக் கண்டு அது தன் வாளி முழுவதையும் ஊற்றிவிடும். எனவே அந்த வாளி 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தேன்.

மற்றொரு கணக்கு, மின்சாரம் போகும்போது. நீரை மேலேற்றும் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அதுவே சைஃபனாக மாறி 30 லிட்டரைக் கீழே இறக்கிவிடும். அதே குழாயில் நீர்மட்டத்திற்கு 1 செ.மீ. கீழே சிறு துளையிட்டால் காற்று புகுந்து, 6 லிட்டரோடு நின்றுவிடும். ஒருவழி வால்வை நம்ப வேண்டாம். சுண்ணாம்புப் பாசி படிந்தால் அது முழுவதும் மூடாது.

தொட்டி வந்ததும் உப்பு கலக்கும் முன்பே, வெறும் குழாய்த் தண்ணீரில் சோதித்தோம். சைஃபன் வால்வை முழுவதும் மூடினோம். பெட்டியில் நீர் ஏறியது, காற்றுக்குழல் ஒரு மிடறு விழுங்கியது, நடுக்குழாய் முழுமூச்சாக ஓடியது. அதன் வாயையும் துணியால் அடைத்தோம். மூன்றாவது குழாய் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வரும் அளவுக்கு இரைந்தது, ஆனால் தாங்கியது. பிறகு பம்பைப் பத்து முறை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். நிறுத்தியபோது அடித்தொட்டியில் நீர் ஏறி நின்ற உச்ச மட்டத்தையும், பம்பு ஓடும்போது இருந்த மட்டத்தையும் அத்தான் மார்க்கர் பேனாவால் கோடிட்டார். அன்றாடம் நீர் ஊற்றுபவர் இரண்டாவது கோட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.