பொதுப்பள்ளி வாசலில் மீண்டும் கூட்டம்

கேரளத்தில் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே உருப்படப் போகிறார்கள்!" என்று அலுத்துக்கொள்ளாத பெரியவர் இல்லை. "சர்க்கார் பள்ளியா? அங்கே யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்?" என்ற கேள்வியும் கூடவே வரும். இவ்விரண்டு பேச்சும் முழு உண்மை அல்ல என்பதற்கு, நாம் பிழைக்க வந்திருக்கும் கேரளமே சாட்சி சொல்கிறது.

ஊர் கட்டிய பள்ளி

கோழிக்கோடு நகரில் மலாப்பரம்பு என்றொரு பகுதி. அங்கே நூறாண்டு கடந்த உதவி பெறும் உயர் தொடக்கப்பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைகளின் தொகை நூறுக்கும் கீழே போய்விட்டது. நிலத்தின் விலையோ ஏறிவிட்டது. 2014 ஏப்ரலில், கோடை விடுமுறையில், இரவோடு இரவாகக் கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது.

ஊரார் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளிப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். பணம் உள்ளவர் பணம் தந்தார். இல்லாதவர் உழைப்பைத் தந்தார். விடுமுறை முடிவதற்குள் புதிய கட்டடம் எழுந்து நின்றது. 2016 ஜூனில் நீதிமன்ற உத்தரவுப்படி பள்ளியைப் பூட்ட நேர்ந்தபோது, பிள்ளைகளுக்குக் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே வகுப்பு நடந்தது. அதே ஆண்டு, இப்படி மூடும் நிலையில் இருந்த நான்கு பள்ளிகளை அரசே ஏற்றுக்கொண்டது. மலாப்பரம்பும் அவற்றில் ஒன்று. பள்ளி பிழைத்தது.

மாறிய காட்சி

2016-ல் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் மாநிலம் முழுவதும் தொடங்கியது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பள்ளி வீதம் தேர்ந்தெடுத்து, 5 கோடி ரூபாய் செலவில் உயர்த்தும் திட்டம் வந்தது. 45,000 வகுப்பறைகளுக்குக் கணினியும் திரையும் வந்தன. 2017 முதல் மூன்று கல்வி ஆண்டுகளில் 5 லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் புதிதாகச் சேர்ந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. பிறப்பு விகிதம் குறைந்து வருவதால் பின்னர் முதல் வகுப்புச் சேர்க்கை சரிந்தது உண்மையே. ஆனாலும் பொதுப்பள்ளி என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் குறைந்துவிட்டது.

மாணவர் கையில் பொறுப்பு

இந்தக் கருவிகளைப் பழுதுபடாமல் பார்த்துக்கொள்வதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கணினியில் படம் வரையவும், நிரல் எழுதவும், தாய்மொழியில் தட்டச்சு செய்யவும் இங்கே பழகுகிறார்கள். தெரிந்ததை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அதற்கும் முன்பே, 2010 ஆகஸ்ட் 2 அன்று, 127 பள்ளிகளில் மாணவர் போலீஸ் படை தொடங்கியது. சட்டத்தை மதிக்கவும், ஒழுங்கோடு நடக்கவும், ஆபத்தில் கைகொடுக்கவும் பயிற்சி தரும் இத்திட்டம் 2018-ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. "பொறுப்பில்லாத தலைமுறை" என்று இவர்களையா சொல்வது?

நம் பிள்ளைகள்

இங்கு வந்து கூலி வேலை பார்ப்பவரும், குமாஸ்தாவாக இருப்பவரும் சந்திக்கும் பெரிய சிக்கல் மொழி. பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிடலாமா, இங்கே சேர்க்கலாமா என்று எத்தனை வீடுகளில் இராத்தூக்கம் கெடுகிறது!

அதற்கும் வழி இல்லாமல் இல்லை. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 2020-ல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது தமிழ்வழி மாணவர்களுக்கும் தனியே பாடங்கள் ஒளிபரப்பாயின. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழி அறிந்த தொண்டர்கள் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்னார்கள்; காலைச் சிற்றுண்டியும் தந்தார்கள். இப்படித் துணை கிடைத்தால், மொழி தெரியாத பிள்ளையும் வகுப்பில் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்புவரை பாடநூல் இலவசம். மதிய உணவும் உண்டு. மாதச் சம்பளத்தில் பாதியைக் கட்டணமாகக் கொட்டுவதற்கு முன், நம் தெருவில் உள்ள பொதுப்பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு ஒருநாள் கூலி போனாலும் போய் வாருங்கள். நம் வாலிபர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது தேறியவர்கள், மாலையில் ஒரு மணி நேரம் நம் குழந்தைகளுக்கு மலையாள எழுத்தும் தமிழ் எழுத்தும் சேர்த்துச் சொல்லித் தரலாம்.

மலாப்பரம்பில் ஊரார் செங்கல் சுமந்தார்கள். நம்மைக் கேட்பது அவ்வளவு பாரமல்ல. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் பிள்ளையின் பெயரும் அந்தப் பதிவேட்டில் ஏறட்டும்.