பூரணமும் தன்னேற்பும்

திருவிருந்து ஆசரிக்கப்படும் ஞாயிறுகளில், பாவ அறிக்கையை முழுமனதோடு சொல்லிய பின்னும், பீடத்தண்டை வராமல் தம் இருக்கையிலேயே அமர்ந்துவிடும் சிலரை நம் சபைகளில் காண்கிறோம். அலட்சியம் இதற்குக் காரணமன்று. "நான் இன்னும் தகுதியடையவில்லை" என்னும் எண்ணமே அவர்களைத் தடுக்கிறது. கடமையில் கருத்தும் திருமறை வாசிப்பில் ஒழுங்கும் உடையவர்களிடத்திலும் இவ்வெண்ணம் வேரூன்றியிருக்கிறது. தம்மில் ஒரு குறையேனும் எஞ்சியிருக்குமட்டும் தம்மைத் தாமே ஏற்க மறுக்கும் இம்மனநிலையைக் குறைவின்மை நாட்டம் எனலாம். இது பக்தியைப் போலத் தோன்றினும் நற்செய்திக்கு மாறானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. லூத்தரின் போராட்டம்

இந்நோயை அடிமட்டம் வரை அறிந்தவர் மார்ட்டின் லூத்தர். 1505இல் எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீனியத் துறவிமடத்தில் சேர்ந்த அவர், நோன்பிலும் செபத்திலும் பிறரை விஞ்சினார். 1507இல் குருவாகி முதன்முறை திருப்பலி நிறைவேற்றியபோது, தூய கடவுளின் முன் நிற்கத் தாம் தகுதியற்றவர் என்ற அச்சம் அவரை ஆட்கொண்டது. பாவ அறிக்கை செய்ய அமர்ந்தால், சிலவேளை ஆறு மணி நேரம் வரை அது நீண்டதென அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆயினும் அமைதி கிட்டவில்லை. அறிக்கையிட்ட பாவங்களே மன்னிக்கப்படுமாயின், மறந்துபோன பாவங்களின் கதி என்ன? பாவமென்றே உணராதவற்றை எங்ஙனம் அறிக்கையிடுவது? மன்னிப்பு தம் நினைவாற்றலைச் சார்ந்திருக்கும்வரை உறுதி பிறவாது என்பதை அவர் கண்டார்.

அவருடைய மேலாளரான யோகான் வான் ஸ்டௌபிட்ஸ், தம்மையே நோக்கிக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களை நோக்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். பின்னர் விட்டன்பர்க்கில் திருமறைப் பேராசிரியராயிருந்த காலத்தில், ரோமர் 1:17இல் கூறப்படும் தேவநீதி, மனிதனிடம் கடவுள் கேட்கும் நீதியன்று, அவனுக்கு அவர் அருளும் நீதி என்று லூத்தர் உணர்ந்தார். விசுவாசி ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்னும் அவர் போதனை இதிலிருந்து எழுந்தது. குறை நீங்கிய பின்னர் ஏற்கப்படுவோம் என்பதன்று. குறையோடிருக்கையிலேயே ஏற்கப்பட்டோம் என்பதே இதன் பொருள்.

2. 'பூரணம்' என்னும் சொல்

அப்படியாயின் மத்தேயு 5:48இல் ஆண்டவர் நம்மைப் பூரண சற்குணராயிருக்கும்படி கட்டளையிடுகிறாரே எனலாம். இங்குள்ள கிரேக்கச் சொல் 'தெலெயோஸ்' என்பது. முடிவு அல்லது குறிக்கோள் எனப் பொருள்படும் 'தெலோஸ்' என்பதிலிருந்து இது பிறந்தது. தன் நோக்கத்தை எய்திய நிலை, முதிர்ச்சி, பிளவுபடாமை ஆகியவற்றை இது குறிக்கும். இதே சொல் 1 கொரிந்தியர் 14:20இல் 'தேறினவர்' எனத் தமிழில் பெயர்க்கப்பட்டுள்ளது.

சூழமைவும் இதற்குச் சான்று. முந்திய வசனங்கள், தீயோர்மேலும் நல்லோர்மேலும் ஒன்றுபோலச் சூரியனை உதிக்கச் செய்யும் பிதாவைப்பற்றியும், பகைவரை நேசிப்பதைப்பற்றியும் பேசுகின்றன. ஆகவே கேட்கப்படுவது பிழையற்ற நடத்தைப் பட்டியலன்று. ஆள் பார்த்துக் குறுகிவிடாத முழு அன்பு. லூக்கா 6:36 இதற்கு இணையான இடத்தில் இரக்கத்தையே கூறுகிறது. பிலிப்பியர் 3:12இல் தாம் இன்னும் பூரணமடையவில்லை என்று கூறும் பவுலடியார், 15ஆம் வசனத்தில் தம்மையும் சேர்த்துத் 'தெலெயோஸ்' என்னும் சொல்லின் பன்மையையே வழங்குகிறார். தன் குறைவை அறிந்து ஒப்புக்கொள்வதே தேறினவனின் அடையாளம் போலும்!

கிறிஸ்தவப் பூரணத்தை வலியுறுத்திய ஜான் வெஸ்லியும், 1766இல் வெளியிட்ட நூலில், அறியாமையும் தவறும் பூரணத்தினின்று விலக்கப்பட்டவையல்ல என்றே விளக்கினார். அவருக்கும் பூரணம் என்பது அன்பின் நிறைவேயாகும்.

3. 'அபாத்திரமாய்' என்பது யாது?

பந்தியினின்று விலகியிருப்போர் சுட்டிக்காட்டுவது 1 கொரிந்தியர் 11:27 ஆகும். அங்குள்ள 'அபாத்திரமாய்' என்னும் சொல், உண்பவரின் தன்மையைக் குறிப்பதன்று. உண்ணும் முறையைக் குறிப்பது. கொரிந்து சபையில் வசதியுள்ளோர் முந்தி உண்டு வெறித்திருக்க, ஏழைகள் பசியோடு வெட்கமடைந்தனர். பவுலடியார் கண்டித்தது இச்செயலையே. தகுதியற்றவர் வரக்கூடாதெனில், பந்தியில் எவருக்கும் இடமில்லை. தகுதியற்றவருக்கென்றே அது ஆயத்தமாக்கப்பட்டது.

4. ஏற்கப்பட்டதை ஏற்றல்

இறையியலார் பவுல் டில்லிக், 1948இல் வெளியான தம் அருளுரைத் தொகுப்பில், நீதியாக்கப்படுதலை ஏற்கப்படுதல் என விளக்கினார். ஏற்கத்தகாத நாம் ஏற்கப்பட்டோம் என்பதை ஏற்பதே விசுவாசம். தன்னேற்பு என்பது தன்னை மெச்சிக்கொள்வதன்று. கடவுள் மன்னித்தவரை நாம் தண்டித்துக்கொண்டிருப்பது, அவர் தீர்ப்பினும் நம் தீர்ப்பு மேலானது என்பதற்கு ஒப்பாகும். தாழ்மையின் உடையில் மறைந்துள்ள பெருமை அது.

இது பாவத்தில் அசட்டையை வளர்க்காதா? ரோமர் 6:1இல் எழும் வினாவும் இதுவே. சகேயுவை நோக்குங்கள். அவன் அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த பின் இயேசு அவன் வீட்டிற்குச் செல்லவில்லை. அவர் சென்றதனால் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க அவன் முன்வந்தான். மனந்திரும்புதல் தான் தீங்கிழைத்த அயலானை நோக்கும். குறைவின்மை நாட்டமோ தன் உருவத்தையே நோக்கும். முன்னது ஈடுசெய்து எழுந்து நடக்கும். பின்னது அழுது அங்கேயே அமர்ந்துவிடும்.

5. ஆயரின் பொறுப்பு

தன்னை மன்னிக்க அறியாத ஆயர் தன் சபையையும் மன்னிக்கமாட்டார். அவருடைய அருளுரைகளில் கட்டளைகள் பெருகும், ஆறுதல் அருகும். ஆகவே, பாவமன்னிப்பின் வார்த்தையைச் சபைக்குக் கூறுகையில், அது தமக்கும் கூறப்படுகிறதென அவர் கேட்கக் கற்கவேண்டும். பந்திக்கு வராதவரைக் கடிந்துகொள்ளாமல், வீட்டில் சந்தித்து, மேற்கூறிய வசனங்களை அவரோடு அமர்ந்து வாசிக்கவேண்டும். திருத்தக்கூடிய தவறு இருப்பின் திருத்த உதவுக. பெயர் சொல்ல இயலாத குற்றவுணர்வு மட்டுமே இருப்பின், அவர் கரத்தைப் பற்றிப் பந்திக்கு அழைத்து வருக. அப்பம் தேர்வில் வென்றோருக்கு அளிக்கப்படும் பரிசன்று. பசித்தோருக்கு இடப்படும் உணவு.