சுடாத துப்பாக்கிகளும் தொடாத விதியும்

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியானதும், பிற மாவட்டங்களைப் போலவே திருப்பூரிலும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. தேர்தலுக்குத் தேர்தல் நடப்பதுதான். உரிமதாரர் தம் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். முடிவுகள் வந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவார். வங்கிக் காவலர், போட்டிகளில் பங்கேற்கும் வீரர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அப்படி வந்து சேருபவற்றை ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். பாட்டன் காலத்து ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் அவற்றில் ஏராளம். மரப்பிடி வெடித்திருக்கும். குழலுக்குள் துரு ஏறியிருக்கும். உரிமப் புத்தகத்தில் தோட்டா வாங்கியதைக் குறிக்க வேண்டிய பக்கம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். வேட்டைக்கென்று வாங்கப்பட்ட துப்பாக்கிக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேலை முடிந்துவிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கியதை எடுத்துத் தோட்டத்து மயிலைச் சுட்டால் சிறைதான். ஆனாலும் உரிமம் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது; தந்தைக்குப் பின் மகன் பெயருக்கு மாறுகிறது.

சுடப்படாத துப்பாக்கியைப் பற்றித் தலித் உரிமைத் தளத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

மாவட்டத்தின் தென்பகுதியில் ஓர் ஊர். அருந்ததியர் குடும்பம். தந்தை ஒரு தோட்டத்தில் நெடுங்காலப் பண்ணையாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். தந்தை வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குப் பார்த்து அவரை விடுவித்து அழைத்துப்போக மகன் தோட்டத்துச் சாளைக்குச் சென்றார். உரிமையாளர் கோபப்படவில்லை. ஆசாரத்துச் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்துவரச் சொல்லி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அதை மடியில் கிடத்தி எண்ணெய்த் துணியால் துடைத்தபடியே கணக்கைப் பேசினார். கடைசியில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அனுப்பினார். தந்தை அங்கேயே இருந்துவிட்டார்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் அந்த இளைஞரிடம் கேட்கப்பட்டது இதுதான்: சுட்டாரா? குறி வைத்தாரா? தன் வீட்டில் தன் பொருளைத் துடைப்பது குற்றமா? முதல் தகவல் அறிக்கையில் சாதி வசவு ஏறியது, அதுவும் பலமுறை அலைந்த பின். துப்பாக்கி ஏறவில்லை. அது கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று நான் அவரிடம் கேட்டேன். “நான் பொறந்ததுல இருந்து அதுல சத்தம் கேட்டதே இல்லைங்க” என்றார்.

மிரட்டல் குற்றத்துக்குத் தோட்டா தேவையில்லை என்பது சட்டக் கல்லூரியின் தொடக்கப் பாடம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 506-ஆம் பிரிவு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற குற்றம். பட்டியல் சாதியினர் என அறிந்தே மிரட்டினால் 3(2)(va) பிரிவும் சேரும். ‘குண்டு இல்லை, துரு பிடித்தது, வேலை செய்யாது’ என்ற வாதமும் எடுபடாது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 45-ஆம் பிரிவில், பழுதான ஆயுதங்களுக்கு விலக்களிப்பது உண்மைதான். ஆனால் பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. கொல்லரிடமோ ஆயுதக் கடையிலோ கொடுத்துச் சரிசெய்யக்கூடியதாக இருக்கும்வரை, எத்தனை ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. பண்ணையாளின் கண்ணிலும் அப்படித்தான்.

துப்பாக்கி யாருக்குக் கிடைத்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு விலக்களித்து, இந்தியர்களை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. கேட்டுப் பெறக்கூடியவர்கள் நிலமும் அரசிடம் செல்வாக்கும் உடையவர்கள். அதே அரசுதான் 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றி, 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்து, சில சாதிகளில் பிறந்தவர்களைப் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர்கள் ஆக்கியது. யாரை நம்பலாம், யாரைக் கண்காணிக்க வேண்டும் என்று அன்று வகுத்த கோடு விடுதலைக்குப் பின்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. நமக்கு அண்டையிலுள்ள குடகில் குடகர் இனத்தவருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்தில் தரப்பட்ட உரிம விலக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நாடாளுமன்றத்திலும் இந்தப் பாசம் வெளிப்பட்டது. 2019 திருத்த மசோதா, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க முதலில் முன்மொழிந்தது. பரம்பரைத் துப்பாக்கி குடும்பத்தின் மரியாதை என்ற எதிர்ப்பு கிளம்ப, சட்டமானபோது எண்ணிக்கை இரண்டாயிற்று. உரிமத்தின் காலமும் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. 2016-ஆம் ஆண்டின் விதிகள், உரிமதாரர் இறந்தபின் மட்டுமன்றி, அவர் 70 வயதை எட்டினாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு உரிமம் வழங்க வழி செய்கின்றன. உயிருக்கு ஆபத்து உண்டா என்று புதிதாக விண்ணப்பிப்பவரைத் துருவித் துருவிக் கேட்கும் அமைப்பு, வாரிசென்று வருபவருக்கு இப்படித் தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது. நிலம் இல்லாதவனுக்குப் பாட்டன் துப்பாக்கி எங்கிருந்து வரும்?

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். கொங்கு மண்டலத்தின் சாதிக் கொலைகள் துப்பாக்கியால் நடந்தவை அல்ல. 2015-இல் கோகுல்ராஜ் கழுத்து அறுக்கப்பட்டுத் தண்டவாளத்தில் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியது அரிவாள். தமிழ்நாட்டில் தலித் மக்கள்மீது துப்பாக்கி திரும்பியதற்கு நாம் கீழ்வெண்மணியைத்தான் நினைவுகூர வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் எரிக்கப்படுவதற்கு முன், வந்தவர்கள் சுட்டுக்கொண்டே வந்தனர் என்பது உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம். கொல்வதற்கு இங்கே துப்பாக்கி தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவரில் தொங்கும் துப்பாக்கி செய்வது வேறு வேலை. உன் உயிருக்கு ஆபத்து என்றால் நீ காவல் நிலைய வாசலில் காத்திருக்க வேண்டும். என் உயிரின் மதிப்பை அரசு ஏற்கெனவே முத்திரையிட்டுக் கொடுத்திருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. கூலி கேட்க வருபவன், சுடுகாட்டுப் பாதை கேட்க வருபவன், தேநீர்க் கடையில் சமமான குவளை கேட்பவன் எல்லோரும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

இதை அறிந்துதான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. 1995 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாவது விதியைப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அப்பகுதியில், தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களையும் விதி சேர்த்தே சொல்கிறது. சாதி தனி ஆளாக வருவதில்லை என்பதை இதை எழுதியவர் அறிந்திருக்கிறார். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும் என்று அடுத்த உட்பிரிவு கூறுகிறது. அதற்கும் அடுத்தது, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்கிறது.

படைக்கலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலும் பொது அமைதிக்காக உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அது ஒவ்வோர் உரிமதாரராகப் பார்ப்பது. மூன்றாவது விதியோ ஊரைப் பார்க்கிறது. குற்றம் நடந்து முடியும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. இதன் பலவீனம் ‘தேவையெனக் கருதினால்’ என்ற சொற்களில் இருக்கிறது. கருதாமலே இருந்துவிடலாம் அல்லவா? வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள கிராமங்களின் பட்டியலைக் காவல்துறையின் சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு வைத்திருக்கிறது. உரிமங்களின் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் உரிமத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்துத் தேசியத் தரவுத்தளத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததாகச் சொல்லும் ஓர் உத்தரவுகூட என் தொழில் வாழ்க்கையில் என் கைக்கு வந்ததில்லை. முடியாத வேலையா என்றால், தேர்தல் வந்தால் ஆட்சியரும் காவல் அதிகாரிகளும் கொண்ட குழு சில வாரங்களில் உரிமங்களைப் பரிசீலித்து முடித்துவிடுகிறது.

சட்டம் முழு வேகத்தில் பாயும் இடமும் உண்டு. திருமூர்த்திமலைக்கு மேலே, அமராவதி, உடுமலை வனச்சரகங்களில் மலைக்கிராம மக்கள் வாழ்கிறார்கள். இவர்களைப் போன்ற ஒருவரின் குடிசையில், பன்றியை விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி ஒன்று அகப்பட்டால், 25(1B) பிரிவின்படி குறைந்தது இரண்டாண்டு, அதிகம் ஐந்தாண்டு சிறை. குறைந்தபட்சத் தண்டனையை ஓராண்டிலிருந்து உயர்த்தியதும் மேற்சொன்ன அதே 2019 திருத்தம்தான். மேலே பயிர்க் காவலுக்கு உண்மையிலேயே பயன்பட்டது குற்றப் பொருள். கீழே ஐம்பது ஆண்டாகப் பயன்படாதது குடும்ப மரியாதை.

இப்போது புதிதாக ஒரு கோரிக்கை எழுந்துள்ளது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டனர். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி அதேபோல் கொல்லப்பட்டனர். தனித்த தோட்டத்து வீடுகளில் வாழ்வோருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரல்கள் அதையொட்டி ஒலித்தன. அந்த அச்சம் உண்மையானது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்கள் தனியாகக் கிடக்கும் சாளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகையில் இரவைக் கழிக்கும் கூலிக் குடும்பத்துக்கும் கொள்ளையன் வருவான். அவர்களுக்கு உரிமம் கேட்டு எவரும் பேசியதாகத் தெரியவில்லை. திருட்டு நடந்தால் முதலில் விசாரணைக்கு இழுக்கப்படுவதும் அவர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும்தான். துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகை அது. எனவே யாருக்கு, எந்த அச்சத்துக்காக என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சேரிதோறும் துப்பாக்கி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும் தலித் ஒருவருக்கு ‘உமக்கு அச்சுறுத்தல் இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், அந்த ஊரில் பதிவான வழக்குகளை அதிகாரி ஒருமுறையாவது படித்தாக வேண்டும். மறுப்பு எழுத்தில் வந்தால் 18-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். அந்த விண்ணப்பத்தின் பயன் இவ்வளவே; இது சிறிய பயன் அல்ல.

செய்ய வேண்டியதும் எளிது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிகண் மற்றும் கண்காணிப்புக் குழு, 17-ஆம் விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அதில் இடம்பெற்றுள்ள நம் தோழர்கள் நிவாரணத் தொகை நிலுவையோடு நின்றுவிடாமல், மூன்றாவது விதியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது சாதிவாரிக் கணக்கைக் கேட்டு ‘அப்படிப் பராமரிக்கப்படுவதில்லை’ என்ற பதிலை வாங்கி வராதீர்கள். வட்டம்வாரியாக எத்தனை உரிமங்கள், எந்த நோக்கத்துக்கு, எத்தனை வாரிசு வழி வந்தவை, மூன்றாவது விதியின்கீழ் இதுவரை எத்தனை ஆணைகள் என்று கேளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன வழக்கில், அந்தத் துப்பாக்கியின் உரிமத்தை ரத்து செய்யக் கோரி ஆட்சியருக்கு மனு அளித்தோம். அறிக்கைக்காகக் கீழே அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. அதற்குள் 2024 தேர்தல் வந்து, மற்றவர்களைப் போல அந்த உரிமையாளரும் துப்பாக்கியை ஒப்படைத்தார். வாக்குப்பதிவு முடிந்து முடிவு வராத அந்த ஆறு வாரங்களில் ஒரு நாள், மகன் இரண்டு நண்பர்களோடு சாளைக்குப் போய்க் கணக்கை முடித்துத் தந்தையை அழைத்து வந்துவிட்டார். ஜூன் மாதம் துப்பாக்கி சுவருக்குத் திரும்பியது. மனுவின் மீதான அறிக்கை இன்னும் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் மூன்று அனுப்பியாயிற்று.