முயன்று பார்க்கும் நாளுக்குக் கூலி யார் தருவது?

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அரம் ராவும் சத்தம். பெரிய இயந்திரம் ஏதும் இருக்காது. ஒரு வைஸ், ஒரு சுத்தியல், நாலைந்து அரம். மெல்லிய பித்தளைத் தகட்டை வைஸில் இறுக்கி இரண்டு ராவு ராவுவார்கள். பூட்டுக்குள் பொருத்திச் சாவியைத் திருப்பிப் பார்ப்பார்கள். சிக்கும். வெளியே எடுத்து இன்னொரு ராவு. மறுபடி சாவி. ஏதோ ஒரு கட்டத்தில் சாவி வெண்ணெயில் திரும்புவதுபோலத் திரும்பும்.

அந்தத் தகட்டுக்கு ‘லீவர்’ என்று பெயர். பூட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்கும். எல்லா லீவர்களும் சரியான உயரத்தில் வந்து நின்றால்தான் பூட்டின் நாக்கு நகர வழி கிடைக்கும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நகராது. ஆறு லீவர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயரம் என்று வைத்துக்கொண்டால் 15,625 விதமான சாவிகள் சாத்தியம். இந்தக் கணக்கு முழுவதும் பட்டறைக் கைவினைஞரின் விரல் நுனியில் இருக்கிறது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சங்கரலிங்கம் ஆசாரி சகோதரர்கள் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் தொழில் இது. மாங்காய்ப் பூட்டு, திருப்பினால் மணியடிக்கும் பூட்டு, சூட்சுமம் தெரிந்தவருக்கு மட்டுமே திறக்கும் தந்திரப் பூட்டு என்று 50-க்கும் மேற்பட்ட வகைகளை இந்த ஊர் உண்டாக்கியது. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய புது யோசனை. அப்படிப்பட்ட ஊரில் இன்று பட்டறைகள் அருகி வருகின்றன. பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை. புத்தாக்கம் எப்படி வளர்கிறது, எப்படி வற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

புத்தாக்கம் என்பது என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது மக்கள் கைக்குப் போய், செய்தவருக்கும் பிழைப்புத் தந்தால்தான் புத்தாக்கம். புதிய பொருள், புதிய செய்முறை, புதிய சந்தை, புதிய அமைப்பு எல்லாமே இதில் அடங்கும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர்.

2025-இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் இந்தத் துறைக்கே வந்தது. பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வரலாற்றாசிரியர் ஜோயல் மோகிர் அறிவை இரண்டாகப் பிரிக்கிறார்: ஒன்றை எப்படிச் செய்வது என்கிற அறிவு, அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்கிற அறிவு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூகத்தில்தான் ஒரு புதுமை அடுத்த புதுமையைப் பெறுகிறது என்பது அவர் வாதம். திண்டுக்கல்லில் முதல் அறிவு பட்டறையில் இருக்கிறது. இரண்டாவது, ஊரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். அதைக் கடக்கும் பேருந்து எதுவும் இல்லை.

பட்டறையில் ஏன் நின்றுபோனது?

சோம்பலோ பழமைப் பிடிப்போ காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. கூலி முறையைப் பார்த்தால் உண்மை விளங்கும். பூட்டுத் தொழிலில் பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. முடித்துக் கொடுத்த பூட்டுக்குத்தான் காசு. புது வகை லீவர் ஒன்றை முயன்று பார்க்கக் கைவினைஞர் ஒரு நாளைச் செலவிட்டால், அன்று வீட்டில் அடுப்பெரியாது. முயற்சி தோற்றால் நட்டம் முழுவதும் அவருக்கு. வெற்றி பெற்றால், அடுத்த வாரமே வேறு பட்டறையில் அதே பூட்டு உருவாகிவிடும்.

இதற்கிடையே அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வந்து குவிந்தன. கையால் ராவிச் செய்த பூட்டு விலையில் அவற்றோடு மோத முடியவில்லை. போட்டி கடுமையாகும்போதுதான் புதுமை அதிகம் தேவைப்படும். ஆனால் அப்போதுதான் முயன்று பார்க்கக் கையில் மிச்சமும் இருக்காது.

பெரிய நிறுவனங்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன? அமெரிக்காவின் 3எம் நிறுவனம், ஊழியர்கள் தம் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று வழிசெய்தது. சம்பளம் குறையாது. ஒட்டி எடுக்கும் ‘போஸ்ட்-இட்’ தாள் அந்த ஏற்பாட்டில் விளைந்தது. தோற்கும் நேரத்துக்கும் நிறுவனம் கூலி கொடுத்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அரசு என்ன செய்யலாம்?

இதற்குப் பூட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1817-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச் சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். தன் சாவியைத் தவிர வேறு எதற்கும் திறக்காத பூட்டைச் செய்பவருக்குப் பரிசு என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டே ஜெரமையா சப் என்பவர் ஒரு பூட்டோடு வந்தார். கள்ளச் சாவி ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரியவருக்கும் தெரிந்துவிடும். 100 பவுண்டு பரிசு அவருக்குக் கிடைத்தது. அரசு ஆராய்ச்சிக்கூடம் எதையும் கட்டவில்லை. தனக்கு என்ன தேவை என்பதைத் தெளிவாகச் சொன்னது. செய்தவரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது.

தனியாரும் இப்படிப் பரிசு அறிவித்ததுண்டு. லண்டனில் பிராமா என்ற பூட்டு நிறுவனம், தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் அறுபது ஆண்டுகளாகச் சவால் விட்டிருந்தது. 1851-இல் ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணி நேரம் போராடி அதைத் திறந்தார். சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்திருந்தார். உடைக்க முடியாதது என்ற பெயர் போனதும், பூட்டுகளைத் திருத்தியே ஆக வேண்டிய நெருக்கடி வந்தது. தன் குறையைப் பிறர் கண்டுபிடிக்க இடம் கொடுக்கும் தொழில்தான் வளர்கிறது.

புவிசார் குறியீடு போதாதா?

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் என்பது ஊருக்கே பெருமை. இனி வெளியூர்ப் பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்றால் சட்டப்படி தடுக்கலாம். ஆனால் அந்தக் குறியீடு காப்பது பெயரையும் மரபையும். நாளை ஒருவர் புதிய பூட்டைக் கண்டுபிடித்தால் அதைக் காக்கக் காப்புரிமையோ வடிவமைப்புப் பதிவோ வேண்டும். முன்னது 20 ஆண்டுகளுக்கும், பின்னது அதிகபட்சம் 15 ஆண்டுகளுக்கும் பாதுகாப்புத் தரும். கையில் அரம் பிடித்தவரால் அந்தப் படிவங்களைத் தனியாக நிரப்ப முடியாது. கூடவே ஒருவர் உட்கார வேண்டும்.

பெயரின் வலிமைக்கு இதே ஊரில் இன்னொரு சான்று உண்டு. 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடையைத் திறந்தார். அவர் தலைப்பாகையே பின்னாளில் தலப்பாக்கட்டி என்ற பெயரானது. சீரகச் சம்பா அரிசியும் ஒரே பக்குவமும் எல்லாக் கிளைகளுக்கும் போயின. பலன் அந்தப் பெயருக்கே திரும்பி வந்தது. பூட்டுச் செய்தவரின் பெயரோ பூட்டில் இல்லை.

இனி என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. கோயில் உண்டியலுக்கும் அரசுக் கிட்டங்கிக்கும் எப்படிப்பட்ட பூட்டு வேண்டும் என்று சொல்லி அரசு பரிசு அறிவிக்கலாம். வென்ற பூட்டைத் தானே முதலில் வாங்கலாம். கல்லூரி மாணவரும் கைவினைஞரும் ஒரே மேசையில் உட்காரும் பொதுப் பட்டறை ஒன்றை அமைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வாரத்தில் ஒரு நாள் பூட்டு எண்ணிக்கையைக் கேட்காமல் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும்.

தகட்டை ராவி, சாவியைத் திருப்பி, சிக்கினால் எடுத்து மறுபடி ராவுவதுதான் அந்தக் கைகளுக்குத் தெரிந்த தொழில். ஒரு பூட்டைச் சரிசெய்ய அவை பத்து முறை தோற்கத் தயங்குவதில்லை. புதிய பூட்டுக்காகவும் அப்படித் தோற்கக் கைவினைஞருக்கு ஒரு நாள் வேண்டும். அந்த நாளின் கூலியை அவர் தலையில் கட்டாமல், சங்கமும் வணிகரும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.